சித்திரை வெயிலில் தழைக்கும் கொடி

சித்திரை பிறந்துவிட்டால் வீட்டுத்தோட்டக் கீரைப்பாத்திகள் வெறிச்சோடத் தொடங்கும். மாசியில் செழித்து நின்ற கொத்தமல்லி, இரண்டு முறை கிள்ளுவதற்குள் தண்டு நீண்டு பூத்துவிடும். வெந்தயக்கீரை மஞ்சள் பாரித்து நின்றுபோகும். பாலக் இலைகள் ஓரம் சுருண்டு கருகும். சந்தையிலும் கட்டு சிறுக்கும், விலை ஏறும். நிழல்வலை கட்டி, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்து, குளிர்காலக் கீரைகளைக் கோடைக்குள் இழுத்துவர முயல்பவர்கள் ஏராளம். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோடையில் கீரை வேண்டுமென்றால், வெயிலைத் தடுத்துக்கொண்டிருப்பதைவிட வெயிலுக்கென்றே உடல் அமைந்த செடியை நடுவதுதான் சரி. அப்படிப்பட்ட செடி நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. அதன் பெயர் கொடிப்பசலை.

அறிவியல் பெயர் பாசெல்லா ஆல்பா. இலங்கைத் தமிழர்களுக்கு இது பசளி. தெலுங்கில் பச்சலி, கன்னடத்திலும் துளுவிலும் பசளே, வங்காளத்தில் புய் சாக், பிலிப்பைன்ஸில் அலுக்பாத்தி, ஜப்பானில் சுருமுராசாகி. டச்சு மலபாரின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் இந்தக் கொடி படத்தோடு இடம்பெற்றது. மலபார் மக்கள் வழங்கிய பெயரையே லின்னேயஸ் 1753இல் பேரினப் பெயராக எடுத்துக்கொண்டார். பச்சைத் தண்டு உள்ளதை ஆல்பா என்றும் சிவப்புத் தண்டு உள்ளதை ரூப்ரா என்றும் அவர் இரண்டு இனங்களாகப் பிரித்து எழுதினார். இன்று இரண்டையும் ஒரே இனத்தின் வகைகளாகவே தாவரவியலாளர்கள் கொள்கிறார்கள்.

ஒன்றை இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்பினாச் எனப்படும் கீரையையும் நம் பாடநூல்களும் பத்திரிகைகளும் பசலைக்கீரை என்றே எழுதிவிடுகின்றன. அது வேறு குடும்பம், வேறு தட்பவெப்பம், வேறு சத்துக்கணக்கு. இந்த அத்தியாயத்தில் அதை ஸ்பினாச் என்றே குறிப்பிடுகிறேன்.

ஸ்பினாச் ஈரானை ஒட்டிய நிலப்பகுதியிலிருந்து பரவிய குளிர்பருவக் கீரை. அதன் விதை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய மண்ணில் சரியாக முளைக்காது. முளைத்து வளர்ந்த செடிக்கோ அதைவிடப் பெரிய சிக்கல் இலைக்குள் இருக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது ரூபிஸ்கோ என்னும் நொதி. இது வேலை செய்துகொண்டிருக்கும்போதே சில சர்க்கரை மூலக்கூறுகள் அதன் வினைபுரியும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை எடுத்துவிட ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் என்று இன்னொரு புரதம் உண்டு. ரூபிஸ்கோ வெப்பத்தை ஓரளவு தாங்கும், ஆக்டிவேஸ் தாங்காது. வெப்பம் ஏறினால் முதலில் குலைவது அதுதான். குளிர்நாட்டுச் செடிகளில் அது குறைந்த வெப்பத்திலேயே செயலிழக்கிறது. வெப்பநாட்டுச் செடிகளில் இன்னும் சில டிகிரிகள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது. நடுப்பகலில் தண்ணீர் நிறைய இருந்தும் ஒரு செடி வளராமல் நிற்பதற்கு இந்தச் சின்னப் புரதமும் ஒரு காரணம். தண்ணீரை இன்னும் ஊற்றினால் அது சரியாகிவிடாது.

வெயிலைத் தாங்குவதில் நம் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் சளைத்தவை அல்ல. அவை கரியமிலவாயுவை இலைக்குள் செறிவாக்கி ரூபிஸ்கோவிடம் கொடுக்கும் சி4 முறையைக் கொண்டவை. வெயில் ஏற ஏற அவற்றின் கை ஓங்கும். கொடிப்பசலைக்கு அந்த வசதி இல்லை. நெல்லையும் ஸ்பினாச்சையும் போல அது சாதாரண சி3 செடிதான். அப்படியிருந்தும் 25 முதல் 35 டிகிரி வரை அது தழைத்து வளர்கிறது, அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கிறது. 15 டிகிரிக்குக் கீழே போனால்தான் சுணங்குகிறது. உறைபனி பட்டால் இறந்துவிடும்.

இந்தத் தாங்கும் திறனைப் புரிந்துகொள்ள அதன் உறவினர்களைப் பார்க்க வேண்டும். கொடிப்பசலையின் குடும்பமான பாசெல்லேசியே, சப்பாத்திக்கள்ளி, டிராகன் பழக்கொடி, பருப்புக்கீரை, வீட்டு வாசலில் வளரும் பத்துமணிப்பூ ஆகியவை அடங்கிய கிளையைச் சேர்ந்தது. தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்துவைப்பது இந்தக் கிளை முழுவதிலும் ஓடும் குணம். கள்ளிகள் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமிலவாயுவை ஈர்த்து அமிலமாகச் சேமித்து, விடிந்ததும் அதைப் பயன்படுத்துபவை. கொடிப்பசலையின் குடும்பத்தில் இந்த வித்தை உண்டா என்பது நீண்டகாலம் பதிவாகாமலே இருந்தது. 2018இல் ஜோசப் ஹோல்டமும் உடன் ஆய்வாளர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அன்ரெடேரா பாசெல்லாய்டிஸ் என்ற கொடிக்கு நீர் ஊற்றுவதை நிறுத்திப் பார்த்தார்கள். நீர் இருந்தவரை பகலில் மட்டும் வாயுவை ஈர்த்த கொடி, வறட்சி வந்ததும் இரவிலும் ஈர்க்கத் தொடங்கியது. மறுபடி நீர் ஊற்றியதும் பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. இதை வைத்துக் கொடிப்பசலையும் அப்படியே செய்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் எந்த மாதிரியான குடும்பத்திலிருந்து அது வந்திருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

அதே குடும்பத்தில் ஆண்டிஸ் மலையின் உயரத்தில் குளிரில் விளையும் உள்ளுக்கோ என்னும் கிழங்கும் இருக்கிறது. பெருவிலும் பொலிவியாவிலும் உருளைக்கிழங்கோடு சேர்த்துப் பயிரிடுகிறார்கள். பாசெல்லா பேரினத்திலுள்ள மற்ற இனங்களோ மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்குப் பகுதிகளிலும் வளர்பவை. ஆசியா முழுக்கத் தட்டுக்கு வந்தது கொடிப்பசலை ஒன்றுதான்.

ஓர் இலையைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். தடித்து, பளபளவென்று, அளவுக்கு மீறிய எடையோடு இருக்கும். காம்பை மடக்கினால் நார் இல்லாமல் மொடுக்கென்று ஒடியும். ஒடிந்த இரண்டு துண்டுகளையும் மெல்ல விலக்கினால் நடுவே கண்ணாடி இழைபோல ஒரு பசை நீளும். இதுதான் பலர் இந்தக் கீரையைத் தள்ளிவைப்பதற்கான காரணம். இந்தச் செடி கோடையைத் தாண்டுவதற்கான காரணங்களில் ஒன்றும் இதுவே. இலையின் எடையில் 93 விழுக்காடு நீர். அதில் ஒரு பகுதி நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளோடு பிணைந்த வழவழப்பாக இருக்கிறது. அந்தச் சங்கிலிகள் நீரை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. காற்று உறிஞ்சினாலும் வேர் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இலை வாடிச் சரிந்துவிடாமல் இந்தச் சேமிப்பு தாங்கிப்பிடிக்கிறது.

வெயில் மட்டும் கீரையைக் கெடுப்பதில்லை. பகலின் நீளமும் கெடுக்கும். இதைக் கண்டுபிடித்த கதை, தாவரவியலில் எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று. அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த வைட்மன் கார்னரும் ஹாரி அல்லார்டும் ‘மேரிலாண்ட் மாமத்’ என்ற புகையிலை வகையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். கோடையில் அது ஆளுயரத்தையும் தாண்டி இலை இலையாக வளருமே ஒழியப் பூக்காது. விதை எடுக்க முடியாது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தால், குட்டையாக இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், உரம், ஒளியின் அளவு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் புதிர் விடுபடவில்லை. கடைசியில் இருட்டான ஒரு கொட்டகை கட்டி, கோடைகாலத்துச் செடிகளை மாலை வெளிச்சம் இருக்கும்போதே அதற்குள் தள்ளி, பகலைச் சுருக்கினார்கள். புகையிலை பூத்தது. 1920இல் வெளியான அவர்களுடைய கட்டுரைதான் செடிகள் பகலின் நீளத்தை அளக்கின்றன என்பதை உலகுக்குச் சொன்னது. 1938இல் ஹாம்னரும் பானரும் இன்னும் ஒரு படி போய், செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்று காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே சற்று நேரம் விளக்கைக் காட்டினாலே கணக்கு குலைந்துபோனது.

ஸ்பினாச் நெடும்பகல் செடி. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வசந்தம் முடிந்து பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும்போது அது இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூந்தண்டு நீட்டும். கொடிப்பசலை இதற்கு நேர் எதிர், குறும்பகல் செடி. பகல் 13 மணி நேரத்துக்கு மேல் நீண்டால் அது பூப்பதே இல்லை. ஆகவே டொராண்டோவில் ஒருவர் ஜூன் மாதம் கொல்லையில் நட்டால், 15 மணி நேரத்துக்கு மேல் நீளும் பகலில் கொடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். செப்டம்பரில் பகல் குறுகியபின் அரும்பு கட்டும். பெரும்பாலும் விதை முற்றுவதற்குள் உறைபனி முந்திக்கொள்ளும். கனடாவில் வளர்ப்பவர்கள் விதைக்காக வெளியில் கையேந்த வேண்டியிருப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலான ஜூன் 21 அன்றுகூடச் சென்னையில் கதிரவன் எழுந்து மறையும் நேரம் 13 மணியைத் தொடுவதில்லை. யாழ்ப்பாணத்திலும் கன்னியாகுமரியிலும் இன்னும் குறைவு. எனவே நம் ஊரில் பகலின் நீளம் கொடிப்பசலையைப் பூக்காமல் கட்டிவைக்காது; எந்த மாதத்திலும் பூக்கலாம். வேர் காய்ந்தால் சீக்கிரம் பூக்கும். பூத்துவிட்டால் இலை சிறுக்கும், தண்டு நார் பாயும். இதற்கு ஒரே மருந்து கை. கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நுனி மொட்டு இருக்கும்வரை, அது கீழே அனுப்பும் ஆக்சின் என்ற வளரூக்கி பக்க மொட்டுகளை அடக்கிவைக்கும் என்பது பழைய பாடம். 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது. நுனியைக் கிள்ளியதும், அதுவரை நுனிக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது. ஆக்சின் குறைவது தெரியும் முன்பே அவை விழித்துக்கொள்கின்றன. கிள்ளக் கிள்ளத் துளிர்ப்பதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இனி ஏறும் விதம். அவரைபோல இதுவும் தன் தண்டாலேயே சுற்றி ஏறும் கொடி. பாகல், புடலைபோலப் பற்றுக்கம்பி கிடையாது. நுனி காற்றில் வட்டமடித்துத் தேடும்; ஏதாவது தட்டுப்பட்டால் சுற்றிக்கொள்ளும். நோயில் அறையோடு கிடந்த சார்லஸ் டார்வின், ஒரு தொட்டி ஹாப் கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெப்பமான பகலில் அதன் நுனி ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் எடுத்துக்கொண்டது என்று குறித்தார். ஏறுகொடிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு 1865இல் வெளிவந்தது. உங்கள் தொட்டியிலும் இதைப் பார்க்கலாம். காலையில் நுனிக்கு நேர் கீழே மண்ணில் ஒரு ஈர்க்குச்சி குத்திவையுங்கள். காப்பி குடித்து, சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால் நுனி வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தோட்டக்காரருக்கு இதில் இரண்டு பயன்கள் உண்டு. தடித்த தூணை இத்தகைய கொடி சுற்ற முடியாது. கட்டைவிரல் தடிமனுக்கு உட்பட்ட மூங்கில் குச்சியோ சணல் கயிறோ போதும். அடுத்தது, அவிழ்ந்து விழுந்த கொடியை நாம் எடுத்துச் சுற்றிவிடும்போது, அது ஏற்கெனவே சுற்றியிருக்கும் திசையைக் கவனித்து அப்படியே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் மறுநாள் கழன்று தொங்கும். திசை அதன் பிறவிக்குணம், நம் இழுப்புக்கு வராது.

கொடி பந்தலில் படர்ந்தபின் கீரையோடு இன்னொன்றும் கிடைக்கிறது. மேற்குச் சுவரை ஒட்டி, ஒரு முழம் இடைவெளி விட்டுக் கயிறு கட்டிக் கொடியை ஏற்றினால் மாலை வெயில் சுவரில் விழாது. இலைகள் வெளிவிடும் ஒவ்வொரு லிட்டர் நீரும் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மின்சாரக் கணக்கில் இது ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. மங்களூரு, உடுப்பிப் பக்கத்து வீடுகளில் பசளேக்குச் சப்பரம் என்னும் பந்தல் போட்டு, கிணற்றடி நீரில் அதை வளர்ப்பது பழைய வழக்கம். நம் மாடிகளில் அதற்கு இடம் உண்டு.

சிவப்புத் தண்டு வகையை நடுபவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கொடி பூத்து முடிந்தபின் மிளகைவிடச் சற்றுப் பெரிதாகக் கருநீலக் காய்கள் காணும். பூ நன்றாக விரிந்து நாம் பார்ப்பதே அரிது. மொட்டாகத் தோன்றுவதே மெல்லத் தடித்துக் காயாகிவிடும். நாம் பழச்சதை என்று நினைப்பது பூவின் இதழ்ச்சுற்றுதான். அது உதிராமல் பருத்து, உண்மையான கனியை மூடிக்கொள்கிறது. விரல்களுக்கு நடுவே நசுக்கினால் ஊதாச்சாறு பீறிட்டு, உள்ளே ஒரு கெட்டி விதை தட்டுப்படும். அந்தச் சாற்றைக் கொஞ்சம் நீரில் கலந்து, பக்கத்தில் சங்குப்பூ ஊறிய நீரையும் வைத்து, இரண்டிலும் எலுமிச்சை பிழியுங்கள். சங்குப்பூ நீர் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும். பசலைச்சாறு அசையாது. சங்குப்பூவில் இருப்பது ஆந்தோசயனின். பசலையில் இருப்பது பீட்டாலைன். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் இந்த நிறமி, பூக்கும் தாவரங்களில் பீட்ரூட், தண்டுக்கீரை, காகிதப்பூ, டிராகன் பழம், பசலை எல்லாம் அடங்கிய ஒரே பெருவரிசையில் மட்டும் காணப்படுகிறது. இரண்டு நிறமிகளும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. ஏன் ஒன்று வந்த இடத்தில் மற்றது போயிற்று என்பதைத் தாவரவியலாளர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். சீனாவில் இந்தச் சாற்றைக் கன்னத்துக்கு வண்ணமாகப் பூசினார்கள். சமையலில் அதன் நிறத்தை நம்பக் கூடாது, கொதித்தால் மங்கிவிடும்.

வளர்ப்பதற்கு விதையைவிடத் தண்டு மேல். விதையின் ஓடு கெட்டி. ஓர் இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றினாலும் முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். சந்தையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டாகப் பார்த்து, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி ஒரு சாண் நீளம் நறுக்கி, கீழ் இலைகளைக் கழித்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் பிடிக்கும். முதல் இரண்டு வாரம் அரைநிழலில் இருக்கட்டும். மண்ணோடு மட்கிய தொழுவுரம் தாராளமாகக் கலந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. ஆறேழு வாரத்தில் முதல் கிள்ளுக்கு வந்துவிடும்.

கோடையில் இதற்கு உண்மையான ஆபத்து வேரில். கறுப்புப் பிளாஸ்டிக் பையும் தொட்டியும் மொட்டைமாடி வெயிலில் அடுப்பில் ஏற்றிய சட்டியாகிவிடும். இலை 38 டிகிரியைத் தாங்கினாலும், அதே சூட்டில் நாள் முழுக்க வேகும் வேர் தாங்காது. பையைச் சணல் சாக்கால் சுற்றுங்கள், மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மூடாக்குப் போடுங்கள், பைகளை நெருக்கி வையுங்கள். தண்ணீர் விடியற்காலையில் வேருக்கு. நடுப்பகலில் சற்று நிழல் விழும் இடமானால் இலை இன்னும் அகலமாக, மென்மையாக வரும். யூரியாவை அள்ளிப்போட வேண்டாம். இலை ஊதிப் பெருக்கும், பூச்சி வரும், நைட்ரேட்டும் கூடும்.

நோய் அதிகம் தாக்காத செடி இது. வந்தால் இரண்டு வரும். இலையில் நடுவே வெளுத்து ஓரம் செந்நிறமாக வட்டப் புள்ளிகள் தோன்றினால் பூஞ்சை; அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, இலைமேல் தண்ணீர் விடுவதை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். தண்ணீர் இருந்தும் கொடி சோர்ந்து நின்றால், வேரைப் பிடுங்கிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் மறுபடி பசலை வைக்கக் கூடாது.

தட்டில் இதன் மதிப்பு என்ன? அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலின்படி 100 கிராம் பச்சை இலையில் வைட்டமின் சி 102 மில்லிகிராம். அதே அளவு ஸ்பினாச்சில் 28 தான். சுண்ணாம்புச்சத்து 109 மில்லிகிராம், ஸ்பினாச்சுக்குச் சற்று மேல். ஃபோலேட் 140 மைக்ரோகிராம். இரும்பு 1.2 மில்லிகிராம் மட்டுமே, ஸ்பினாச்சில் பாதிக்கும் குறைவு. ஆகவே இரும்புக்காக இதைப் புகழ்வது பொருந்தாது. வைட்டமின் சி வேகும்போது கணிசமாகக் குறையும் என்பதால், நீண்ட நேரம் வேகவைக்காமல், வேகவைத்த நீரைக் கொட்டாமல் சமைப்பது நல்லது. ஆனால் சிறுநீரகக்கல் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை மாறும். பசலையில் ஆக்சலேட் உண்டு. அவர்கள் வேகவைத்த நீரைக் கொட்டிவிடுவதும், மருத்துவரிடம் கேட்டு அளவோடு சாப்பிடுவதும் அவசியம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களும் எந்தக் கீரையையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வழவழப்பைக் கையாளத் தெரியாமல்தான் பலர் ஒதுங்குகிறார்கள். புளிப்பு சேர்த்தால் அது அடங்கும் என்பதை இதைச் சமைக்கும் பல ஊர்கள் கண்டுபிடித்திருக்கின்றன. பசையிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீண்டு கிடப்பதால்தான் குழம்பு இழுபடுகிறது. அமிலம் அந்த மின்னேற்றத்தைத் தணிக்கிறது, சங்கிலிகள் சுருங்குகின்றன, இழுபடுவது குறைகிறது. ஆந்திரத்தில் பச்சலியோடு புளி சேர்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலில் பசளியை வேகவைத்து, இறக்கியபின் தேசிக்காய்ப்புளி, அதாவது எலுமிச்சைச்சாறு, விடுகிறார்கள். வங்காளிகள் புய் சாக்கில் இலிசு மீனின் தலையைப் போடுகிறார்கள். வியட்நாமிலோ வயல் நண்டை இடித்துக் கரைத்துக் காய்ச்சும் சூப்புக்கு இந்த வழவழப்பே வேண்டும். நம் வீட்டுக்கு நான் சொல்வது பாசிப்பருப்புக் கூட்டு. பருப்பு மலர்ந்தபின் கீரையைப் போட்டு, மூடாமல் நான்கைந்து நிமிடம், தக்காளி ஒன்று, கடைசியில் சீரகமும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டினால் போதும். அகல இலைகளைக் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்டுக் கொடுத்தால் கீரை என்றாலே ஓடும் பிள்ளைகளும் தின்பார்கள்.

தை பிறந்ததும் தண்டு தேடத் தொடங்குங்கள். எல்லாக் கீரைக்கடையிலும் கிடைக்காது. கீரைக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கொண்டுவருவார். இலையைக் கிள்ளிச் சமைத்துவிட்டுத் தண்டை நடுங்கள். தையில் நட்டது பங்குனியில் கயிற்றைப் பிடித்துவிடும். கத்திரி தொடங்கும்போது பந்தல் நிறைந்திருக்கும். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று நான்கு கொடி வையுங்கள், வாரம் ஒரு முறையாவது கிள்ளத் தவறாதீர்கள்.